காவிரி எஞ்சினும் கடைமடையும்

2025 மே மாசம் ட்விட்டரில் (எக்ஸ்னு கூப்பிட இன்னும் வாய் வரல) ஒரு ஹேஷ்டேக் ஓடியது. 'காவேரி எஞ்சினுக்கு நிதி கொடு' என்பதுதான் அதன் சாரம். ஒரே நாளில் மூணு வாட்ஸப் குழுவில் இருந்து எனக்கு வந்து சேர்ந்தது. அனுப்பினவங்கள்ல பாதிப்பேர் என்னை மாதிரி எஞ்சினியரிங் முடிச்சிட்டு கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கிற ஆளுங்க. கொடி, சிங்கம், ஜெட் விமானம், கீழே 'ஷேர் பண்ணுங்க'.

அதே வாரம் இன்னொரு ஃபார்வர்டு. "சோழர்கள் ஆயிரம் வருஷம் முன்னாடி செஞ்ச மெழுகு வார்ப்பு முறையிலதான் இன்னைக்கு ஜெட் எஞ்சின் பிளேடு செய்றாங்க. நம்ம டெக்னாலஜியை நமக்கே விக்கிறாங்க. தமிழனா இருந்தா பகிரவும்."

தமிழன்தான். ஆனா பகிரல. ரெண்டுமே பாதி உண்மை, மீதி சோம்பேறித்தனம். ஒண்ணு 'பணம் கொடுத்தா எஞ்சின் வந்துடும்' என்கிறது. இன்னொண்ணு 'எஞ்சின் எப்பவோ நம்மகிட்ட இருந்துச்சு' என்கிறது. எஞ்சின் ஏன் வரல என்பதைப் பற்றி ரெண்டுமே வாயைத் திறக்கல. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமை உள்ளவங்க தொடரவும் :)

முதலில் கதைச் சுருக்கம்

தேஜஸ் போர் விமானத்துக்கு சொந்தமாக ஒரு எஞ்சின் வேணும் என்று 1989 மார்ச்சில் அரசு அனுமதி கொடுத்தது. பொறுப்பு பெங்களூரில் இருக்கும் ஜிடிஆர்இ என்ற டிஆர்டிஓ ஆய்வகத்துக்கு. ஒதுக்கிய தொகை 382.81 கோடி. முடிக்க வேண்டிய நாள் 1996 டிசம்பர். பெயர் காவேரி. உள்ளே இருக்கும் மையப் பகுதிக்கு, அதாவது கோர் எஞ்சினுக்குப் பெயர் கபினி. பெயர் வைத்தவர்களுக்கு நதி தெரிந்திருக்கிறது. கபினி வந்து காவிரியில்தானே சேர்கிறது!

அப்புறம் நடந்தது நம்ம ஆத்துத் தண்ணி கதைதான். வரும் வரும்னாங்க, வரல. 1998 அணுகுண்டு சோதனைக்குப் பிறகு அமெரிக்கத் தடை வந்தது. எஞ்சினை உயரத்தில் சோதிக்க நம்மிடம் வசதி இல்லாததால் ரஷ்யாவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். 2008இல் தேஜஸ் திட்டத்தில் இருந்து காவேரியைப் பிரித்தே விட்டார்கள். 2010 நவம்பரில் மாஸ்கோ அருகே ஓர் இல்யூஷின்-76 விமானத்தில் மாட்டிப் பறக்க விட்டுப் பார்த்தார்கள். பறந்தது, அது சாதனைதான், மறுக்கல. ஆனால் கேட்டது 81 கிலோநியூட்டன் உந்துவிசை, கிடைத்தது ஏறத்தாழ 70. எடை 1100 கிலோவுக்குள் இருக்கணும், வந்தது 1235. தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை, செலவு மதிப்பீடு 2839 கோடி வரை, அதாவது 642 சதவீதம் ஏறியதைச் சொல்லிக் காய்ச்சி எடுத்தது.

இதைப் படிச்சவுடனே 'சர்க்கார் ஆளுங்க தின்னுட்டாங்க' என்று முடிவு கட்டுவது சுலபம். கணக்கைப் பாருங்க. பார்லிமெண்டில் சொன்னபடி காவேரிக்கு செலவானது மொத்தம் 2035 கோடி சொச்சம். அந்தப் பணத்தில் ஒன்பது முழு எஞ்சின்கள், நாலு கோர் எஞ்சின்கள், 3217 மணி நேரச் சோதனை. முப்பது வருஷத்துக்குப் பிரித்தால் வருஷத்துக்கு 70 கோடி கூடத் தேறாது.

இப்ப இன்னொரு கணக்கு. 2024 செப்டம்பரில் சுகோய்-30 விமானங்களுக்கு 240 எஞ்சின் வாங்க எச்ஏஎல் நிறுவனத்தோடு பாதுகாப்பு அமைச்சகம் ஒப்பந்தம் போட்டது. தொகை 26,000 கோடிக்கும் மேல். ஒரு எஞ்சினுக்கு 108 கோடி. ஒரிசாவில் கோராபுட்டில் நம்ம ஆட்கள்தான் செய்கிறார்கள், வடிவமைப்பு ரஷ்யாவுடையது. இருபது எஞ்சின் விலைக்கு நாம் முப்பது வருஷம் ஒரு புது எஞ்சினை உருவாக்கப் பார்த்திருக்கிறோம். ஆக 'காசைக் கொட்டியும் வரல' என்பது பொய். கொட்டவே இல்லை. சொட்டு நீர்ப் பாசனம்தான்.

அப்ப ஹேஷ்டேக் ஆளுங்க சொல்றது சரிதானே, பணம் கொடுத்தா போச்சு? இல்லை சார். எங்கே கொடுப்பது என்பதில்தான் விஷயமே இருக்கு.

ஒரு பிளேடு என்ன அவ்வளவு பெரிய விஷயமா?

ஜெட் எஞ்சினில் எரிந்த வாயு முதலில் போய் மோதுவது டர்பைன் பிளேடுகள் மீது. உள்ளங்கையில் அடங்குகிற உலோகத் துண்டு. நவீன போர் விமான எஞ்சினில் அந்த வாயுவின் சூடு, பிளேடு செய்த உலோகம் உருகும் சூட்டைவிட அதிகம். தட்டச்சுப் பிழை இல்லை. உருகும் சூட்டுக்கு மேலே உள்ள வாயுவில், நிமிஷத்துக்குப் பல்லாயிரம் சுற்று வேகத்தில், டன் கணக்கில் வெளியே இழுக்கிற விசையைத் தாங்கிக்கொண்டு, ஆயிரக்கணக்கான மணி நேரம் அது நிற்க வேண்டும். பிளேடுக்குள்ளேயே மெல்லிய துளை வழிகள் வைத்து காற்றை ஊதிக் குளிர வைப்பார்கள். மேலே ஜிர்கோனியா என்ற பீங்கான் பூச்சு. இவ்வளவும் செய்த பிறகும் உலோகம் மெல்ல மெல்ல நீளும். இதற்குப் பெயர் க்ரீப். ஒரு மயிரிழை நீண்டு உறையில் உரசினால் கதை முடிந்தது.

ஏன் நீளுது? நம்ம ஊர் பாஷையில் சொல்றேன். நெல்லுக்கு மணி இருக்கிற மாதிரி உலோகத்துக்குள்ளும் மணிகள் உண்டு. சாதாரண உலோகத் துண்டு என்பது வரப்பு போட்டுப் பிரிச்ச வயல்கள் மாதிரி. ஒவ்வொரு வயலும் ஒரு மணி, நடுவில் வரப்பு. வயலில் தண்ணி எங்கே உடைப்பு எடுக்கும்? நடு வயலில் எடுக்காது. வரப்பில் நண்டு வளை இருக்கும் இடத்தில்தான் எடுக்கும். உலோகமும் அப்படித்தான், பெரும் சூட்டில் அந்த வரப்புகளில்தான் முதலில் விட்டுக் கொடுக்கும்.

அப்ப என்ன செய்யலாம்? முதல் யோசனை: விசை இழுக்கிற திசைக்குக் குறுக்கே வரப்பே இல்லாமல், எல்லா வரப்பும் நீளவாக்கில் இருக்கிற மாதிரி உலோகத்தை உறைய வைப்பது. அடுத்த யோசனை: வரப்பே வேண்டாம், முழு பிளேடும் ஒரே மணி. ஒற்றைப் படிகம். அச்சின் அடியில் பன்றிவால் மாதிரி சுருண்ட ஒரு குழாய் வைப்பார்கள். கீழிருந்து உறைந்து வரும் பல மணிகள் அந்தச் சுருளில் முட்டி மோதி, ஒரே ஒரு மணி மட்டும் தப்பி மேலே வரும். அந்த ஒன்று வளர்ந்து முழு பிளேடாகும். அச்சை உலையில் இருந்து மிக மெதுவாக, ஒரே சீராக வெளியே இழுக்கணும். வேகம் கொஞ்சம் தப்பினால் பக்கத்தில் வேறு மணி முளைத்துவிடும், பிளேடு குப்பைக்கு.

இதெல்லாம் புத்தகத்தில் இருக்கு. நானே படிச்சுத்தான் சொல்றேன். எவ்வளவு வேகத்தில் இழுத்தால், எந்தக் கலவையில், எந்த அச்சுக்கு, நூற்றுக்கு எத்தனை தேறும் என்பதுதான் புத்தகத்தில் இருக்காது. அது ஆயிரம் பிளேடு வீணாக்கினவன் கையில் இருக்கும்.

சுவாமிமலைக்கு வருவோம்

இப்ப அந்தச் சோழர் ஃபார்வர்டு. செய்முறையின் எலும்புக்கூடு ஒன்று என்பது உண்மை. சுவாமிமலையில் தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் செய்கிறார்கள். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணை மெல்லிசாகப் பூசி, காய வைத்து, அப்புறம் முரட்டு மண் பூசுகிறார்கள். சூடாக்கினால் மெழுகு ஓடிவிடும், கூடு நிற்கும். அதில் உலோகத்தை ஊற்றி, ஆறினதும் மண்ணை உடைத்து எடுக்கிறார்கள். டர்பைன் பிளேடு செய்பவனும் மெழுகில் பிளேடு செய்து, பீங்கான் குழம்பில் முக்கி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றுகிறான். காவிரிக் கரையில் காவிரி மண்ணில் நடக்கும் வேலையும், காவேரி என்று பெயர் வைத்த எஞ்சினுக்குத் தேவையான வேலையும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். எனக்கும் இதைப் படிச்சப்ப புல்லரிச்சது, பொய் சொல்லல.

ஆனா அதுக்கு மேல? வெற்றிட உலை, நிக்கல் கலவை, பீங்கான் கூட்டின் வேதியியல், எக்ஸ்ரே சோதனை... எதுவும் சுவாமிமலையில் இல்லை, இருக்கணும் என்ற அவசியமும் இல்லை. நடராஜர் நிமிஷத்துக்குப் பதினாயிரம் சுற்று சுற்ற மாட்டார்.

சோழர்களிடம் இருந்து கற்க வேண்டியது வேறொன்று, அதை யாரும் ஃபார்வர்டு பண்ண மாட்டேங்கறாங்க. அந்தக் கலை ஏன் இன்னைக்கும் செத்துப் போகல? அப்பா பிள்ளைக்கும், ஸ்தபதி கூட நிற்கும் பையனுக்கும், வருஷக்கணக்கில் மண் பிசைய வைத்து, மெழுகு இழைக்க வைத்து, கையில் இருந்து கைக்குக் கடத்தினார்கள். யாரும் ரெண்டு வருஷ புராஜெக்ட் போட்டு, மூணாம் வருஷம் ஆளை வீட்டுக்கு அனுப்பல. வேலை தொடர்ந்து இருந்தது. ஆள் தொடர்ந்து இருந்தான். அறிவும் தொடர்ந்து இருந்தது.

வெளியூர்க்காரன் எப்படிச் செஞ்சான்?

முதல் ஜெட் எஞ்சின்களுக்காக இங்கிலாந்தில் 1940களின் தொடக்கத்திலேயே நிமோனிக் என்ற நிக்கல் கலவையை உருவாக்கினார்கள். போர்க்காலம், ராணுவத் தேவை. அமெரிக்காவில் 1957 ஸ்புட்னிக் அதிர்ச்சிக்குப் பிறகு நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. அவர்களுடைய ராணுவ ஆய்வு அமைப்பான ஆர்ப்பா (ஆமாம், நமக்கு இண்டர்நெட்டின் தாத்தாவைக் கொடுத்த அதே ஆர்ப்பா) 1960இல் கார்னெல், பென்சில்வேனியா, நார்த்வெஸ்டர்ன் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களில் பொருளறிவியல் ஆய்வகங்கள் அமைக்கப் பணம் கொடுத்தது. பிறகு அது பன்னிரண்டு பல்கலைக்கழகங்கள் வரை போனது. இயற்பியல்காரன், வேதியியல்காரன், உலோகவியல்காரன் மூணு பேரையும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார வைத்தார்கள். விலை உயர்ந்த கருவிகளைப் பொதுவில் வைத்தார்கள். 'இந்தத் தேதிக்குள் இந்த ஏவுகணைக்கு இந்தப் பாகம்' என்று கேட்கவில்லை. 'ஆளை உருவாக்கு' என்று கேட்டார்கள். 1972இல் அந்த ஆய்வகங்கள் ராணுவத்தின் கையில் இருந்து தேசிய அறிவியல் அறக்கட்டளைக்குப் போயின. இன்னைக்கு 'மெட்டீரியல்ஸ் சயின்ஸ்' என்று ஒரு துறை கல்லூரிகளில் பெயர்ப்பலகையோடு நிற்பதற்கே அந்த ராணுவப் பணம் ஒரு முக்கியக் காரணம்.

பிராட் அண்ட் விட்னி நிறுவனம் 1960களில் ஒற்றைப் படிக வேலையைத் தொடங்கியது. பயணிகள் விமான எஞ்சினில் அது சேவைக்கு வந்தது 1982இல். பணக்கார நாட்டின் பணக்கார நிறுவனத்துக்கே ஏறத்தாழ இருபது வருஷம். அதற்குள் அந்தப் பல்கலைக்கழகங்களில் இருந்து தலைமுறை தலைமுறையாக ஆட்கள் வெளியே வந்துகொண்டே இருந்தார்கள்.

இன்னொரு சங்கதி. பென்சில்வேனியாவில் செவன் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் 1968 முதல் நாலு வருஷத்துக்கு ஒருமுறை இந்த சூப்பர் அலாய்களுக்காகவே மாநாடு நடக்கிறது. சந்தையில் குடுமிப்பிடி சண்டை போடும் கம்பெனிகளின் ஆட்கள் எல்லாரும் வந்து கட்டுரை படிக்கிறார்கள். நாசாவின் பழைய ஆய்வு அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. என்ன வேலை செய்யவில்லை என்பதுவரை அதில் இருக்கு. அவன் ரகசியம் காப்பது எஞ்சின் வரைபடத்தை. பாடத்தை மறைப்பதில்லை.

நாம?

நியாயமா பேசணும். ஹைதராபாத் டிஎம்ஆர்எல் ஆய்வகம் 2021 ஏப்ரலில் ஹெலிகாப்டர் எஞ்சினுக்கு 60 ஒற்றைப் படிக பிளேடு செய்து எச்ஏஎல்லுக்குக் கொடுத்தது. பெரிய விஷயம், கை தட்டலாம். அதில் ஊற்றிய உலோகத்தின் பெயர் சிஎம்எஸ்எக்ஸ்-4. அது ஓர் அமெரிக்க நிறுவனம் உருவாக்கிய கலவை. வார்க்கக் கத்துக்கிட்டோம், கலவை இன்னும் அவனுடையது. அதுவும் தப்பில்லை, அடுத்தது நம்முடையதாக இருக்குமானால்.

டிஆர்டிஓவின் 2025-26 பட்ஜெட் 26,816 கோடி. 2022 பட்ஜெட்டில் பாதுகாப்பு ஆய்வு நிதியில் 25 சதவீதத்தை தனியார், ஸ்டார்ட்அப், கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடுவதாக அறிவித்தார்கள். விமானவியல் ஆய்வு வாரியம் 1971 முதல் கல்லூரிப் பேராசிரியர்களுக்கு நிதி கொடுத்து வருகிறது. டிஆர்டிஓ உயர் ஆய்வு மையங்கள் என்று 2023 வாக்கில் பதினைந்து இடங்களில் வைத்திருந்தார்கள். தமிழ்நாட்டில் சென்னை ஐஐடி, கோவை பாரதியார் பல்கலைக்கழகம். அதாவது அணையில் தண்ணி இல்லாமல் இல்லை. ஆனா நம்ம ஊர் ஆட்களுக்குத் தெரியாததா என்ன? மேட்டூரைத் திறந்தாங்கன்னா ஜூன் 12ஆம் தேதி பேப்பர்ல படம் வரும், பூத்தூவுற படம். அந்தத் தண்ணி பேராவூரணிக் கடைமடைக்கு வந்துச்சான்னு எந்தப் பேப்பர்ல படம் வருது? தலைமடைக்காரன் குளிப்பான், கடைமடைக்காரன் வானத்தைப் பார்ப்பான். ஆய்வுப் பணமும் அதே வாய்க்கால்ல அதே மாதிரிதான் பாயுது.

நான் கடைமடைக்காரன். டெல்டாவில் உள்ள ஒரு கல்லூரியில் (பெயர் வேண்டாம்) மெக்கானிக்கல் படிச்சேன். எங்க உலோகவியல் லேப்ல ஒரு நல்ல மைக்ராஸ்கோப் இருந்துச்சு. அது துணி போட்டு மூடித்தான் இருந்துச்சு. ஆய்வுக் குழு வருகிற அன்னைக்குத் துணியை எடுப்பாங்க, போனதும் போர்த்துவாங்க. நாலு வருஷத்தில் நான் நேரில் பார்த்த உலோக மணி எல்லாம் பாடப் புத்தகத்தில் அச்சான கறுப்பு வெள்ளைப் படம்தான். வாத்தியார் நல்லவர், விஷயம் தெரிஞ்சவர். அவர் ஒரு நிக்கல் கலவையைப் பற்றி ஆய்வுக்கு நிதி கேட்டு எழுதிப்போட்டு, காத்திருந்து காத்திருந்து, கடைசியில் பஸ் பொறுப்பாளர் ஆகிட்டார். காலையில் எந்த பஸ் எந்த ஸ்டாப்பில் நிக்கணும்னு பார்க்கிற வேலை. எங்க வகுப்பில் அறுபது பேர். முக்கால்வாசிப் பேர் இன்னைக்கு ஓஎம்ஆர்லயும் பெங்களூர்லயும் அடுத்தவன் நாட்டு பாங்குக்கு சாஃப்ட்வேர் எழுதறோம். 'இளைஞர்களுக்கு தேசப்பற்று இல்லை' என்று யாராவது சொன்னால் அந்த மைக்ராஸ்கோப்பின் துணியைத்தான் காட்டணும்.

'சின்ன ஊர் கல்லூரியில் என்ன பெரிய ஆய்வு நடக்கும்?' என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில். அப்துல் கலாம் படித்தது திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரி, அப்புறம் குரோம்பேட்டை எம்ஐடி. அவர் படத்தை மாட்டாத கல்லூரி தமிழ்நாட்டில் இல்லை. படத்தை மட்டும்தான் மாட்டியிருக்கோம்.

'ஆனா...' என்று வருபவர்களுக்கு

*"விவசாயி சாகிறான், உனக்கு ஜெட் எஞ்சின் கேக்குதா?"* நானும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான். அந்த 26,000 கோடி போகத்தான் போகிறது, எனக்கோ உங்களுக்கோ கேட்டுவிட்டுப் போகாது. ராணுவச் செலவு குறையணும்னு நீங்க போராடினா நானும் வர்றேன். அது குறையாத வரைக்கும், எஞ்சினுக்குப் போகிற பணத்தில் ஒரு பங்கு நம்ம பிள்ளைங்க படிப்பாக மாறுவதைக் கெடுக்காதீங்க. தேஜஸ் மார்க்-1ஏ விமானத்துக்காக 2021இல் ஜிஇ கம்பெனியிடம் 99 எஞ்சின் கேட்டோம். முதல் எஞ்சின் வந்தது 2025 மார்ச்சில். அதுவரை விமானம் எஞ்சினுக்காகக் காத்துக் கிடந்தது. கடைமடைக்காரனுக்கு இந்தக் காத்திருப்பு தெரியும்.

*"டெல்டாவில் தொழிற்சாலையா? மீத்தேன் பத்தாதா?"* இல்லைங்க. 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இங்கே உருக்காலை எல்லாம் கூடாது என்கிறது. சரியான சட்டம், ஒரு எழுத்து மாத்தக் கூடாது. நான் கேட்பது ஆலை இல்லை, ஆய்வுக்கூடம். ஏற்கனவே கட்டி வைத்திருக்கும் கல்லூரிக் கட்டிடத்துக்குள்ளே ஒரு சின்ன வெற்றிட உலையும் ஒரு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பும். ஒரு குழி நிலம் கூட வேண்டாம்.

*"கொலைக் கருவிக்கு நம்ம மூளையைக் கொடுக்கணுமா?"* இதுதான் கனமான கேள்வி. நம்ம பதிவுலகில் இதைக் கேட்க உரிமை உள்ளவர்கள் நிறைய. வன்னி வானத்தில் கிபிர் பறந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இதைப் படிக்கிறீர்கள். அந்த விமானம் இஸ்ரேலில் செய்தது, அதன் எஞ்சின் அமெரிக்க ஜிஇ கம்பெனியின் வடிவமைப்பு. பிளேடு வார்த்தவனுக்கு வன்னி எங்கே இருக்கு என்று கூடத் தெரிந்திருக்காது. இதற்கு என்னிடம் மழுப்பல் பதில் இல்லை. ராணுவப் பணத்தில் கறை உண்டு. அதனால்தான் அது பூட்டிய அறைக்குள் மட்டும் செலவாகக் கூடாது என்கிறேன். கல்லூரிக்குள் வந்தால் கேள்வி கேட்க மாணவன் இருப்பான், வெளியிடக் கட்டுரை இருக்கும், அதே கலவையை மின் நிலைய டர்பைனுக்கும், மருத்துவக் கருவிக்கும் கொண்டுபோக ஒருத்தன் இருப்பான். 'எனக்கு இந்த வேலை வேண்டாம்' என்று ஒதுங்கும் உரிமையும் மாணவனுக்கு இருக்கணும். மூடிய அறையில் இது எதுவும் கிடையாது, கறை மட்டும் இருக்கும்.

*"எதிரி தெரிஞ்சிக்குவானே?"* என்னத்தைத் தெரிஞ்சிக்குவான்? 1990களில் நம்ம பிளேடு எப்படி உடைந்தது என்பதையா? சீனாக்காரன் 1980களில் தொடங்கிய எஞ்சினோடு முட்டி மோதி, 2010களில் போர் விமானங்களில் மாட்டிவிட்டான். அவனுக்கு நம்ம பழைய ஃபைல் எதற்கு? அது தேவைப்படுவது நமக்கு. திருச்சியில் எம்டெக் படிக்கிற பொண்ணுக்கு.

சரி, என்னதான் செய்யணும்கறே?

1. மூணு வருஷ புராஜெக்ட் கணக்கை விட்டுட்டு, பிளேடு, கலவை, பூச்சு இந்த மூன்றுக்கும் இருபது வருஷ நிதி. நடுவில் ஆட்சி மாறினாலும், எஞ்சின் திட்டம் ரத்தானாலும் வாய்க்காலை அடைக்கக் கூடாது. காவேரி தேஜஸில் இருந்து பிரிந்தபோது, பிளேடு கற்றுக்கொள்ளும் வேலை இரட்டிப்பாகி இருக்க வேண்டும்.

2. திருச்சி - தஞ்சை வட்டாரத்தில் ஒரு பொது ஆய்வகம். திருச்சி என்ஐடியில் உலோகவியல் துறை இருக்கு. பெல் இருக்கு, அதன் வெல்டிங் ஆய்வு நிறுவனம் இருக்கு. டங்ஸ்டன் கலவையில் ராணுவத்துக்குக் குண்டுமுனை செய்யும் தொழிற்சாலையும் திருச்சியில்தான் இருக்கு. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் திருச்சி ஒன்று. 2019 ஜனவரியில் அதன் தொடக்க விழாவே அங்கேதான் நடந்தது. விழா முடிஞ்சு பந்தலைப் பிரிச்சாச்சு. சுற்றியுள்ள முப்பது கல்லூரிப் பிள்ளைகள் வந்து உண்மையான உலையில் உண்மையான உலோகத்தை ஊற்றிக் கெடுத்துப் பார்க்க ஓர் இடம் வேணும். கெடுக்காமல் யாரும் கத்துக்க முடியாது.

3. காவேரி எஞ்சினின் பழைய சோதனை அறிக்கைகளைப் பதினைந்து வருஷம் கடந்ததும் வெளியிடுங்கள். 3217 மணி நேரச் சோதனை என்பது நம்ம வரிப்பணத்தில் எழுதிய பாடப் புத்தகம். அதைப் பீரோவில் வைத்துவிட்டு நிமோனிக்கையே இன்னும் எத்தனை வருஷம் நடத்துவீர்கள்?

4. எது ரகசியம், எது வெளியிடலாம் என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதிக் கொடுங்கள். நாலு வருஷம் உழைத்த பையனிடம் கடைசி மாதம் 'இதை வெளியிடாதே' என்றால் அவன் அடுத்த ஃப்ளைட் பிடிப்பான்.

5. படித்து முடித்தவனுக்கு வேலை. பயிற்சி கொடுத்து வெளியே விட்டால் அவனும் என் பக்கத்து சீட்டுக்குத்தான் வருவான். இங்கே ஏசி நல்லா இருக்கு, நானே சொல்றேன்.

இதில் எதுவும் ராக்கெட் சயின்ஸ் இல்லை. (ஜெட் சயின்ஸ்தான், ஹிஹி.) ஹேஷ்டேக் போட்டவர்களும் நல்ல மனசோடதான் போட்டார்கள், தெரியும். ஆனால் 'நிதி கொடு' என்று கத்தினால் தலைமடையில் மதகு திறக்கும், பேப்பரில் படம் வரும், அவ்வளவுதான். 'வாய்க்காலைத் தூர்வாரு' என்று யாரும் ட்ரெண்ட் பண்ண மாட்டேங்கறாங்க. அதில் சிங்கம் படம் போட முடியாதில்லையா.

2020 ஜனவரி 20 அன்று தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் சுகோய்-30 படைப்பிரிவு ஒன்று தொடங்கியது. அதற்குப் பிறகு நம்ம பக்கம் நாற்று நடுகிற பெண்கள் அந்தச் சத்தம் கேட்டு அண்ணாந்து பார்ப்பதும், பிறகு குனிந்து வேலையைத் தொடர்வதும் பழகிப் போச்சு. ஊருக்குப் போனால் சின்னப் பசங்க கை காட்டி 'நம்ம பிளேன்' என்கிறார்கள். பிளேன் நம்மளுதுதான். உள்ளே சுற்றுகிற பிளேடைக் கற்றுக்கொள்ள அந்தப் பையன்களுக்கு முப்பது கிலோமீட்டருக்குள் ஓர் இடம் இருக்கணும். அது வரும் வரைக்கும் காவேரி என்பது எஞ்சினுக்கு ரொம்பப் பொருத்தமான பெயர்தான்.

டிஸ்கி: ராணுவப் பணத்தைக் கல்லூரிக்குள் விடலாமா கூடாதா என்று சண்டை போட விரும்புபவர்கள் பின்னூட்டத்துக்கு வரவும், முக்கியமாக ஈழத்து நண்பர்கள். சோழர் ஃபார்வர்டை மறுபடி எனக்கே அனுப்புபவர்கள், முதலில் சுவாமிமலைக்குப் போய் ஒரு நாள் மண் பிசைந்துவிட்டு வரவும் :)